செய்த அணுகுண்டைத் தானே பிரித்துப் போட்ட நாடு

மாணவ நண்பர்களே! உலகில் அணுகுண்டு வைத்திருக்கும் நாடுகள் எத்தனை என்று கேட்டால், உங்களுள் பலர் உடனே விடை சொல்லிவிடுவீர்கள். அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா, இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல், வட கொரியா ஆக ஒன்பது. இவற்றுள் இஸ்ரேல் மட்டும் தன்னிடம் குண்டு இருப்பதை இதுவரை வெளிப்படையாக ஒப்புக்கொண்டதில்லை.

இப்போது சற்றுக் கடினமான கேள்வி ஒன்று. தன் சொந்த முயற்சியால் அணுகுண்டுகளைச் செய்து முடித்து, பிறகு அவற்றைத் தானே பிரித்து அழித்த நாடு எது?

விடை: தென்னாப்பிரிக்கா. இன்றுவரை அவ்வாறு செய்த ஒரே நாடு அதுதான். உக்ரேன், பெலாரஸ், கஜகஸ்தான் ஆகிய மூன்று நாடுகளும் 1996ஆம் ஆண்டுக்குள் தம் மண்ணிலிருந்த அணுகுண்டுகளை ரஷ்யாவிடம் அனுப்பிவைத்தன என்பது உண்மை. ஆனால் அவை சோவியத் யூனியன் சிதறியபோது அந்நாடுகளிடம் தங்கிப்போன குண்டுகள். தென்னாப்பிரிக்காவின் கதை வேறு. அது தானே திட்டமிட்டு, தானே செலவழித்து, யாருக்கும் தெரியாமல் செய்த குண்டுகள்.

அந்த நாடு ஏன் அவற்றைச் செய்தது? பிறகு ஏன் அழித்தது? பார்ப்போம்.

அச்சம் பரவிய வழி

1945 ஜூலை 16ஆம் நாள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்துச் சோதிக்கப்பட்டது. மூன்று வாரங்களில், ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவும், 9ஆம் நாள் நாகசாகியும் தாக்கப்பட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் இரு நகரங்களிலும் சுமார் இரண்டு லட்சம் மக்கள் மாண்டனர்.

குண்டு அமெரிக்காவோடு நிற்கவில்லை. அமெரிக்காவிடம் குண்டு இருப்பதால் சோவியத் யூனியன் அஞ்சியது. 1949இல் தானும் ஒன்றை வெடித்தது. பிரிட்டன் 1952இல் வெடித்தது. பிரான்ஸ் 1960இல் சகாராப் பாலைவனத்தில் வெடித்தது. சீனா 1964இல் வெடித்தது. ஒவ்வொரு நாடும் தனக்கு முன் செய்த நாட்டைக் காட்டி, ‘அவனிடம் இருக்கும்போது எனக்கும் வேண்டாமா?’ என்றது. தெருவில் ஒரு வீட்டுக்காரர் மதிற்சுவரை உயர்த்தினால் அடுத்த வீட்டுக்காரரும் உயர்த்துவதைப் பார்த்திருப்பீர்களே, அது போலத்தான்.

1963ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி ஓர் அச்சத்தை வெளியிட்டார். இப்படியே போனால் 1970களில் பதினைந்து, இருபது, ஏன், இருபத்தைந்து நாடுகள்கூட அணுகுண்டு வைத்திருக்கக்கூடும் என்றார் அவர். அந்த வரிசையில் சேர முனைந்த நாடுகளில் ஒன்றுதான் தென்னாப்பிரிக்கா.

தங்கத்தோடு கிடைத்த யுரேனியம்

தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதி தங்கச் சுரங்கங்களுக்குப் பேர்போனது. அங்கே பூமிக்கடியிலிருந்து வெட்டி எடுக்கும் பாறையில் தங்கம் மட்டும் இல்லை, யுரேனியமும் கலந்திருக்கிறது. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் வீணாகக் கொட்டிய கழிவு மண்ணுக்கு, அணுயுகம் பிறந்ததும் திடீரென்று மதிப்பு வந்துவிட்டது. 1952 முதல் தென்னாப்பிரிக்கா யுரேனியத்தைப் பிரித்து அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் விற்றது. அந்நாடுகளின் அணுத்திட்டங்களுக்கு அது பயன்பட்டது.

1953இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர், ‘அமைதிக்கு அணு’ என்னும் திட்டத்தை ஐக்கிய நாடுகள் சபையில் அறிவித்தார். அணுசக்தியை மின்சாரத்துக்கும் மருத்துவத்துக்கும் பயன்படுத்தப் பிற நாடுகளுக்கு உதவுவது அதன் நோக்கம். அதன் வழியே தென்னாப்பிரிக்காவுக்கு ஓர் ஆராய்ச்சி அணு உலை கிடைத்தது. பிரிட்டோரியா நகருக்கு அருகே பெலிண்டாபா என்னும் இடத்தில் நிறுவப்பட்ட ‘சஃபாரி-1’ என்ற அந்த உலை 1965இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு வேண்டிய எரிபொருளையும் அமெரிக்காவே கொடுத்தது. தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகளும் வெளிநாடுகளில் பயிற்சி பெற்றுத் திரும்பினர்.

பெலிண்டாபா என்ற பெயரைக் கவனியுங்கள். ‘இனிப் பேச்சில்லை, விஷயம் முடிந்தது’ என்பது அதன் பொருள் என்பார்கள். அதை அடுத்து எழுந்த மற்றொரு நிலையத்தின் பெயர் வலிண்டாபா. ‘இதைப் பற்றிப் பேசவே கூடாது’ என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். பெயருக்கேற்ப அங்கே நடந்ததைப் பற்றி வெளியே யாரும் பேசவில்லை!

ஆயிரத்தில் ஏழு

யுரேனியம் கையில் இருந்தால் மட்டும் குண்டு செய்துவிட முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களை எடுத்துக்கொண்டால் அவற்றில் சுமார் ஏழு மட்டுமே யுரேனியம்-235. மற்றவை ஏறக்குறைய எல்லாமே யுரேனியம்-238. வேதியியல் முறையில் இரண்டும் ஒன்றே. எந்த அமிலத்தை ஊற்றினாலும் இரண்டும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். ஆனால் ஒரு நியூட்ரான் வந்து மோதினால் எளிதில் பிளந்து, மேலும் இரண்டு மூன்று நியூட்ரான்களை வெளிவிட்டு, தொடர்வினையைக் கிளப்பக்கூடியது யுரேனியம்-235 தான். மின்சாரம் செய்யும் அணு உலைகள் பலவற்றுக்கு அது நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு இருந்தால் போதும். குண்டுக்கோ நூற்றுக்கு 90 பங்கு அளவுக்கு வேண்டும். இவ்வாறு அதன் விகிதத்தை உயர்த்துவதைத்தான் ‘செறிவூட்டல்’ என்கிறோம்.

வேதியியல் கைகொடுக்காதபோது மிஞ்சுவது எடை வேறுபாடு ஒன்றுதான். யுரேனியத்தை ஃபுளோரினுடன் சேர்த்து யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு என்னும் வாயுவாக்குகிறார்கள். நீங்களே கணக்கிடுங்கள்: ஃபுளோரினின் அணு எடை 19, ஒரு மூலக்கூறில் ஆறு ஃபுளோரின் அணுக்கள். ஆகவே யுரேனியம்-235 உள்ள மூலக்கூறின் எடை 349. யுரேனியம்-238 உள்ளதன் எடை 352. வேறுபாடு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை!

களத்தில் நெல்லைத் தூற்றும்போது கனமான மணி அருகே விழுகிறது. பதர் காற்றோடு தள்ளிப் போகிறது. ஒரே தூற்றலில் நெல்லும் பதரும் பிரிந்துவிடும். ஆனால் நூற்றுக்கு ஒன்றுகூட எடை வேறுபடாத இரண்டு வகை மணிகளைத் தூற்றிப் பிரிக்க வேண்டுமென்றால்? திரும்பத் திரும்பத் தூற்ற வேண்டும். தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் இதற்குத் தமக்கென ஒரு முறையை வகுத்தனர். வாயுவை ஹைட்ரஜனுடன் கலந்து, அசையாத ஒரு குழாய்க்குள் பக்கவாட்டில் மிக வேகமாகச் செலுத்தினர். வாயு சூறாவளி போலச் சுழன்றது. கனமான மூலக்கூறுகள் குழாயின் சுவரை ஒட்டி ஒதுங்க, இலேசானவை சற்று உள்ளே தங்கின. அவற்றைத் தனியே எடுத்து அடுத்த குழாய்க்கும், அதிலிருந்து அதற்கடுத்த குழாய்க்கும் அனுப்பினர். இதற்கு ஏராளமான மின்சாரம் செலவாயிற்று.

இந்த முறையைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பிரதமர் வோர்ஸ்டர் 1970இல் அறிவித்தார். ‘எல்லாம் அமைதிக்காகவே’ என்றும் சொன்னார். வலிண்டாபாவில் ‘ஒய் நிலையம்’ எழுந்தது. 1978 ஜனவரியில் அதிலிருந்து உயர்செறிவு யுரேனியம் முதன்முறையாக வெளிவந்தது.

ஒரு தென்னாப்பிரிக்கக் குண்டுக்குச் சுமார் 55 கிலோகிராம் உயர்செறிவு யுரேனியம் தேவைப்பட்டது. அதில் நூற்றுக்கு 90 பங்கு யுரேனியம்-235 என்று கொண்டால், துளியும் வீணாகாமல் பிரித்தெடுத்தால்கூட ஒரு குண்டுக்கு ஏறத்தாழ 7 டன் இயற்கை யுரேனியம் வேண்டும். நடைமுறையில் பெரும்பகுதி பிரியாமலே கழிவோடு போய்விடுமாதலால் தேவை இதைவிட அதிகம். அணுகுண்டு ஒரு விஞ்ஞானியின் மேசையில் பிறப்பதில்லை, ஒரு பெரும் ஆலையில் பிறக்கிறது என்பது இப்போது புரிகிறதல்லவா? குண்டு பரவுவதைத் தடுக்க விரும்புவோர் இந்த ஆலைகள் மீது கண் வைப்பதும் இதனால்தான்.

யாரைக் கண்டு அச்சம்?

அந்நாளைய தென்னாப்பிரிக்காவில் ஆட்சி முழுவதும் வெள்ளையர் கையில் இருந்தது. 1970ஆம் ஆண்டளவில் மக்கள் தொகையில் அவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர்தான். பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை இல்லை. விரும்பிய இடத்தில் குடியிருக்கவும் உரிமை இல்லை. இந்த இன ஒதுக்கல் கொள்கைக்கு ‘அபார்ட்டைட்’ என்று பெயர். அங்கிருந்த இந்திய வமிசாவளியினரும் இக்கொடுமைக்கு ஆளாயினர். அதைக் கண்டித்து 1946இலேயே தென்னாப்பிரிக்காவுடன் வாணிபத்தை நிறுத்திய நாடு இந்தியா.

1960இல் ஷார்ப்வில் என்னும் ஊரில் அமைதியாகக் கூடிய மக்கள் மீது போலீசார் சுட்டதில் 69 பேர் இறந்தனர். 1976 ஜூனில் சொவேட்டோ நகர்ப் பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கினர். தங்கள் மீது ஆப்ரிகான்ஸ் மொழியைத் திணித்து அதில் பாடம் நடத்துவதை அவர்கள் எதிர்த்தனர். உங்கள் வயதினர் மீதும் துப்பாக்கி பேசியது.

உலகம் அந்த ஆட்சியை ஒதுக்கத் தொடங்கியது. வடக்கே நிலைமையும் மாறியது. 1975இல் அங்கோலாவும் மொசாம்பிக்கும் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்றன. அங்கோலாவில் நுழைந்த தென்னாப்பிரிக்கப் படைகளை எதிர்க்கக் கியூபா தன் வீரர்களை அனுப்பியது. சோவியத் யூனியன் ஆயுதங்களை அனுப்பியது. நண்பர்கள் விலக, எதிரிகள் நெருங்குவதாக வெள்ளையர் அரசு எண்ணியது. சுரங்க வேலைக்கு என்று சொல்லி 1971இல் தொடங்கிய வெடிப்பு ஆராய்ச்சி மெல்ல மெல்ல ஆயுதத் திட்டமாக மாறியது.

கலகாரியில் இரண்டு துளைகள்

கலகாரிப் பாலைவனத்தில் வாஸ்ட்ராப் என்னும் ஒதுக்குப்புறமான இடம். அங்கே பூமியில் இரண்டு ஆழ்துளைகள் தோண்டப்பட்டன. ஒன்றின் ஆழம் 385 மீட்டர். மற்றொன்று 216 மீட்டர். நிலத்தடியில் அணுவெடிப்புச் சோதனை நடத்துவதற்கான ஏற்பாடு அது.

யாருக்கும் தெரியாது என்றுதான் எண்ணியிருந்தார்கள். ஆனால் வானத்திலிருந்து ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தது! 1977ஆம் ஆண்டு சோவியத் செயற்கைக்கோள் ஒன்று அந்த இடத்தைப் படம் பிடித்தது. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் சோவியத் அரசு இந்தச் செய்தியைத் தன் பரம எதிரியான அமெரிக்காவிடம் தெரிவித்தது. அமெரிக்காவும் சரிபார்த்து உண்மை என்று கண்டது. எதற்கும் ஒத்துப்போகாத இரு வல்லரசுகளும் இதில் ஒன்று சேர்ந்தன. பிரான்ஸ், பிரிட்டன் முதலிய நாடுகளும் நெருக்கின. தென்னாப்பிரிக்கா அந்த இடத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை, அந்நாட்டுக்கு எவரும் ஆயுதம் விற்கக் கூடாது என்று கட்டாயத் தடை விதித்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு புதிர். 1979 செப்டம்பர் 22ஆம் நாள், அமெரிக்காவின் ‘வேலா’ செயற்கைக்கோள் ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே கடற்பரப்பில் ஓர் இரட்டை ஒளிவீச்சைக் கண்டது. காற்றில் வெடிக்கும் அணுகுண்டு இரண்டு முறை மின்னும். முதலில் நெருப்புக்கோளம் ஒளிரும். உடனே அதிர்ச்சி அலையால் சூடேறிய காற்று திரைபோல் அதை மறைக்கும். திரை விலகியதும் மீண்டும் ஒளிரும். வேலா கண்டது அப்படிப்பட்ட ஒளிதானா, அப்படியானால் வெடித்தது யார் என்பது இன்றும் தீராத விவாதம். தென்னாப்பிரிக்கா மீதும் இஸ்ரேல் மீதும் பலர் ஐயப்பட்டனர். தென்னாப்பிரிக்கா தான் எந்தச் சோதனையும் நடத்தவில்லை என்றே கூறி வந்திருக்கிறது.

பெட்டகத்தில் ஆறு குண்டுகள்

சோதித்துப் பார்க்காமலே குண்டு செய்ய முடியுமா? முடியும் என்பதே இதில் அச்சமூட்டும் செய்தி. ஹிரோஷிமாவில் விழுந்ததும் யுரேனியக் குண்டுதான். துப்பாக்கிக் குழல் போன்ற அமைப்பில், தனித்தனியே இருக்கும்வரை வெடிக்காத இரண்டு யுரேனியத் துண்டுகளை ஒன்றோடொன்று மோதச் செய்யும் எளிய முறை அது. அந்த வகைக் குண்டை அமெரிக்கர்களும் முன்கூட்டிச் சோதிக்கவில்லை; நியூ மெக்சிகோவில் சோதித்தது புளுட்டோனியக் குண்டை. தென்னாப்பிரிக்காவும் இதே முறையைத் தேர்ந்தெடுத்தது.

1989ஆம் ஆண்டுக்குள் ஆறு குண்டுகள் தயாராகிவிட்டன. ஏழாவது பாதியில் இருந்தது. ஒவ்வொரு குண்டின் இரு பகுதிகளும் தனித்தனிப் பெட்டகங்களில் பூட்டப்பட்டிருந்தன. அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கும் மூன்று படிகளில் திட்டம் இருந்தது. முதற்படி, குண்டு உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லாமல் இருப்பது. இரண்டாவது, நாட்டுக்கு ஆபத்து வந்தால் அமெரிக்கா போன்ற நாடுகளிடம் இரகசியமாகச் சொல்லி உதவி கேட்பது. மூன்றாவது, அப்போதும் உதவி வராவிட்டால் வெளிப்படையாக அறிவிப்பது, அல்லது நிலத்தடியில் வெடித்துக் காட்டுவது.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். அந்த அரசை உண்மையில் ஆட்டங்காண வைத்தவர்கள் யார்? வாக்குரிமை கேட்ட அதன் சொந்த மக்கள்தான். வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்கள். பள்ளியைப் புறக்கணித்த மாணவர்கள். அவர்கள் வாழ்ந்தது அதே ஜோகன்னஸ்பர்க்கின் ஓரத்தில். வேலை செய்தது அதே வெள்ளையரின் வீடுகளிலும் ஆலைகளிலும். அவர்கள் மீது அணுகுண்டு வீச முடியுமா? ஆகவே அத்தனை பொருட்செலவில் செய்த ஆயுதம், எந்த அச்சத்தைத் தீர்க்க வேண்டுமோ அதைத் தீர்க்கவே இல்லை.

பிரித்துப் போட்டார்கள்

1989 செப்டம்பரில் டி கிளார்க் ஜனாதிபதியானார். சிறிது காலத்திலேயே அணுஆயுதத் திட்டத்தை முடித்துவிட முடிவெடுத்தார். 1990 பிப்ரவரி 1ஆம் நாள் ஒய் நிலையம் மூடப்பட்டது. அதே மாதம் 11ஆம் நாள்தான் நெல்சன் மண்டேலா இருபத்தேழு ஆண்டுச் சிறைவாசம் முடிந்து வெளியே வந்தார்.

குண்டுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. யுரேனியம் உருக்கப்பட்டு அணுசக்திக் கழகத்திடம் திரும்பியது. வரைபடங்களும் தொழில்நுட்பக் காகிதங்களும் அழிக்கப்பட்டன. 1991 ஜூலை 10ஆம் நாள் தென்னாப்பிரிக்கா அணுஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஆனால் குண்டு செய்த கதையை உலகுக்குச் சொன்னது 1993 மார்ச் 24ஆம் நாள்தான். பாராளுமன்றத்தில் டி கிளார்க், ‘ஆறு குண்டுகள் இருந்தன, இப்போது இல்லை’ என்ற செய்தியை வெளியிட்டபோது கேட்டவர்கள் திகைத்தனர்.

‘இல்லை’ என்று சொன்னால் போதுமா? ஒன்றை ஒளித்து வைத்திருந்தால்? வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் வந்தனர். ஒய் நிலையத்தின் அன்றாடப் பதிவேடுகளைப் புரட்டினர். உள்ளே போன யுரேனியம்-235 எவ்வளவு? செறிவூட்டி வெளிவந்தது எவ்வளவு? கழிவோடு போனது எவ்வளவு? கடைக்காரர் ஆண்டு முடிவில் இருப்புக் கணக்குப் பார்ப்பது போல, வரவும் செலவும் ஒத்துவருகின்றனவா என்று பார்த்தனர். தொழிலாளர்களையும் பொறியாளர்களையும் விசாரித்தனர். முடிவில், தென்னாப்பிரிக்கா சொன்ன கணக்கை ஐயுறக் காரணமில்லை என்று கண்டனர். வாஸ்ட்ராப் துளைகளும் அவர்கள் கண் முன்னே பயனற்றவையாக்கி மூடப்பட்டன.

ஏன் கைவிட்டார்கள்?

இதற்கு ஒரே விடை இல்லை. டி கிளார்க் சொன்ன காரணம், ஆபத்து நீங்கிவிட்டது என்பது. 1988 முடிவில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி கியூபப் படைகள் அங்கோலாவை விட்டு விலகத் தொடங்கின. நமீபியா 1990இல் விடுதலை பெற்றது. வல்லரசுகளின் பனிப்போரும் ஓய்ந்தது. உலகோடு மீண்டும் சேர வேண்டுமானால் குண்டு ஒரு சுமை என்றும் அவர்கள் உணர்ந்தனர். வேறு சிலர் இன்னொரு காரணமும் சொல்கிறார்கள். அடுத்து வரவிருந்த கறுப்பின மக்களின் ஆட்சியிடம் குண்டு போய்ச் சேருவதை வெள்ளையர் அரசு விரும்பவில்லை என்பது அது. இக்காரணங்கள் எல்லாமே கலந்து வேலை செய்திருக்கலாம்.

ஆனால் 1994ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்ற மண்டேலாவின் அரசும் குண்டைத் திரும்பக் கேட்கவில்லை. ஆப்பிரிக்காவை அணுஆயுதமற்ற கண்டமாக அறிவிக்கும் ஒப்பந்தம் 1996இல் கெய்ரோவில் கையெழுத்தாயிற்று. 2009இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? பெலிண்டாபா ஒப்பந்தம்! எந்த இடத்தின் பெயர் இரகசியத்தைக் குறித்ததோ, அதுவே ஒரு கண்டத்தின் வாக்குறுதிக்குப் பெயராயிற்று.

அதே பெலிண்டாபாவில் சஃபாரி-1 உலை வேறு வேலைக்குத் திரும்பியது. புற்றுநோயையும் இதய நோயையும் கண்டறிய உதவும் கதிரியக்கத் தனிமங்களுக்கு மூலப்பொருளான மாலிப்டினம்-99 அங்கே தயாராகிப் பல நாட்டு மருத்துவமனைகளுக்குப் போயிற்று. குண்டுகளுக்கெனச் செறிவூட்டிய யுரேனியத்தில் ஒரு பகுதி இந்தப் பணிக்குப் பயன்பட்டது. 2009இல் அந்த உலையே குறைசெறிவு எரிபொருளுக்கு மாற்றப்பட்டது. ஆனால் உயர்செறிவு யுரேனியம் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. மிச்சத்தைக் காவலிலும் சர்வதேசக் கண்காணிப்பிலும் வைக்க வேண்டியதாயிற்று. குண்டைப் பிரிப்பது எளிது. அதன் பொருளை இல்லாமல் ஆக்குவது எளிதன்று.

கணக்கு இன்னும் முடியவில்லை

கென்னடி அஞ்சியபடி இருபத்தைந்து நாடுகள் ஆகவில்லை, ஒன்பதோடு நிற்கிறது. 1970இல் நடைமுறைக்கு வந்த பரவல் தடை ஒப்பந்தத்துக்கு இதில் பெரும் பங்குண்டு. ஆனால் அந்த ஒப்பந்தம் இருபுறமும் கடமை விதிக்கிறது. குண்டு இல்லாதவர்கள் செய்யக் கூடாது. 1967க்கு முன் செய்துவிட்ட ஐந்து நாடுகளும் ஆயுதக் குறைப்புக்கு நேர்மையாகப் பேச வேண்டும். இரண்டாவது கடமை சரிவர நிறைவேறவில்லை என்பதே பல நாடுகளின் குறை. ஒப்பந்தம் ஏற்றத்தாழ்வு உடையது என்று கூறி இந்தியா அதில் சேரவே இல்லை. 1974இலும் 1998இலும் பொக்ரானில் வெடிப்புச் சோதனைகள் நடத்தியது. 1998இல் இந்தியா வெடித்த அதே மாதத்தில் பாகிஸ்தானும் வெடித்தது. ஒப்பந்தத்திலிருந்து விலகிய வட கொரியா 2006இல் வெடித்தது.

1980களின் நடுவில் உலகில் சுமார் 70,000 அணுகுண்டுகள் இருந்தன. இன்று சுமார் 12,000 இருக்கின்றன. குறைந்திருப்பது உண்மை. ஆனால் நாகரிகத்தை அழிக்க அத்தனை தேவையில்லை என்பதும் உண்மை. அணுஆயுதங்களை முற்றிலும் தடை செய்யும் புதிய ஒப்பந்தம் ஒன்று 2021இல் நடைமுறைக்கு வந்தது. தென்னாப்பிரிக்கா அதை ஏற்றுக்கொண்டது. குண்டு வைத்திருக்கும் ஒன்பதில் ஒரு நாடும் அதில் கையெழுத்திடவில்லை.

நண்பர்களே, அணுவைப் பிளக்கும் அறிவை மனிதன் இனி மறக்கப் போவதில்லை. ‘ஒரு முறை செய்துவிட்டால் திரும்ப முடியாது’ என்று யாரேனும் உங்களிடம் சொன்னால் பெலிண்டாபாவின் பெயரைச் சொல்லுங்கள். அங்கே திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் திரும்பியதற்குப் புதிய விஞ்ஞானக் கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. அண்டை நாட்டோடு ஓர் உடன்பாடும், சொந்த மக்களுக்கு வாக்குரிமையும், பதிவேட்டைத் திறந்து காட்டும் துணிவுமே தேவைப்பட்டன.